தம்பிக் கன்று

“எல்லாத்தையும் எரிச்சிடுங்க. ஒருத்தனைத் தவிர,” என்றாள் மிளகாய். குரலில் நடுக்கமே இல்லை. கண்ணில்தான் புகை பட்டதுபோல நீர் கோத்திருந்தது.

கருகிப்போன கன்றுகளை வேன் டிரைவர் வேரோடு பிடுங்கித் தள்ளுவண்டியில் எறிந்தார். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு நாற்றங்காலுக்கு ஓடிவந்துவிடுகிற மனிதர். அவளுக்கு மிளகாய் என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

மலை முழுக்க நின்ற செம்பட்டை மரங்களைக் கருகல் நோய் தின்று தீர்த்துவிட்டது. நோயைத் தாங்குகிற ஒரே ஒரு கன்று கிடைத்தால் போதும், அதை வைத்து மறுபடி ஒரு காட்டையே எழுப்பலாம் என்று, கூலி வாங்காமல் சேர்ந்த கூட்டம் இது. மிளகாய்தான் அவள் வீட்டில் முதல் பட்டதாரி. “மரத்துக்கு வைத்தியம் பார்க்கவா இவ்வளவு படிச்சே?” என்று கேட்ட சொந்தக்காரர்கள் ஒருவரோடும் இப்போது அவளுக்குப் பேச்சில்லை.

கன்று தாங்குமா என்று தெரிய ஒரே வழி, அதற்கு நாமே நோய் வைப்பது. பட்டையில் சிறு துளை, அதற்குள் ஆய்வகத்திலிருந்து டப்பாவில் வரும் பூஞ்சைத் துண்டு, மேலே இறுக்கி ஒரு டேப். உள்ளே போனால் போனதுதான், திரும்ப எடுக்க வழியில்லை.

அப்படி வைத்ததில் மற்றதெல்லாம் கருகிப்போக, ஒன்று மட்டும் தளதளவென்று நின்றது. தம்பிக் கன்று.

ஊரே சிரித்தபோது, “அக்கா, விதைக்கு நான் ஆச்சு” என்று கிளம்பியவன் அவள் தம்பி. பட்டுப்போய்க்கொண்டிருந்த மரத்தில் ஏறி அவன் சட்டைப்பையில் போட்டுவந்த விதைகளில் முளைத்தது இது ஒன்றுதான். முளை விட்டதைப் பார்க்க அவன் இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனைத் துணி சுற்றித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் நாற்றங்காலுக்கு வர ஆரம்பித்தாள். வீட்டில் விட்டால் வாசற்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கன்றைப் பார்க்க வந்த ஆய்வக மேடம் காரை விட்டு இறங்கியதும் டிரைவர் வம்புக்கு இழுத்தார். “மேடம், நோய் வெச்ச அன்னைக்கு உங்க ஆளுங்களை இவ திட்டின திட்டு இருக்கே! கன்னுக்கு ஒண்ணுன்னு எண்ணி அனுப்பக்கூடத் தெரியாதாம். கடைசியில டப்பாவுல ஒரு துண்டு மிஞ்சிப்போச்சுல்ல, அதுக்கு!”

“அண்ணே, வாயை மூடிட்டு வண்டியைத் தள்ளுங்க.”

“என் முகத்துக்கு நேராவே திட்டுவாளே இவ,” என்று சிரித்தபடி மேடம் குனிந்து டேப்பைப் பிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. துளை மூடி, பட்டை கூடிவந்திருந்தது. “ஒரு பொட்டுக் கருப்புகூட இல்லம்மா. இப்படி நான் பார்த்ததே இல்ல.”

மிளகாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று டிரைவருக்குத் தெரிந்தால் ஒரு மாதத்துக்கு விடமாட்டார்.

“ஆனா ஒரு தடவை போதாது. இன்னொரு தடவை வெச்சுப் பார்த்துட்டா, கிளை வெட்டி ஒட்டுக் கட்ட ஆரம்பிச்சிடலாம்,” என்றார் மேடம்.

“இருக்கறதே ஒண்ணு. முதல்ல கிளையை எடுத்து வெச்சுக்கலாமே மேடம்?” என்றார் டிரைவர்.

“தாங்காத கன்னுல கிளை எடுத்து என்னப்பா பண்றது?” மேடம் காரிலிருந்து டப்பாவை எடுத்துவந்தார். “யார் வைக்கறீங்க?”

“நான்.”

டிரைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “போன தடவை உன்னால முடியலையே, தாயி?”

முடியவில்லைதான். மற்ற கன்றுகளுக்கெல்லாம் மளமளவென்று வைத்தவளுக்கு, இதன் முன்னால் உட்கார்ந்ததும் கை வரவில்லை. ‘நீயே வைம்மா’ என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் தள்ளிவிட்டுக் குழாயடியில் போய் நின்றுகொண்டாள். திரும்பி வந்தபோது அம்மா டேப்பைச் சுற்றி முடித்திருந்தாள்.

“அப்போ பயமா இருந்துச்சுண்ணே. இப்போ என்ன பயம்? ஒரு தடவை ஜெயிச்சவன்தானே!”

உட்கார்ந்தாள். துளை போட்டு, ஈரமான அந்த வெள்ளைத் துண்டை உள்ளே அழுத்தி, டேப்பைச் சுற்றினாள். தம்பிக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவதுபோல இருந்தது. “எறும்புக் கடிதான்டா. பொறுத்துக்கோ. உன்னைத்தான் மலை முழுக்க நடப்போறோம்,” என்று முணுமுணுத்தாள். அவன் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொட்டகைக்குப் பின்னால் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா, ஈரக்கையை உதறியபடி வந்தாள். புது டேப்பைப் பார்த்தாள். மகள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள்.

“என்னடி பண்ணினே?”

“மறுபடி நோய் வெச்சோம்மா. இந்தத் தடவை நானே வெச்சேன். ஏம்மா அப்படிப் பார்க்கறே? நீ வெச்சதையே தாங்கினவன், நான் வெச்சதைத் தாங்க மாட்டானா?”

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டேப்பின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

“அன்னைக்கு நான் வெறும் துளையைத்தான்டி மூடினேன்.”