போ என்று சொல்லும் வரை

துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னாள் அபிநயா.

சின்ன மிட்டாதார் வெள்ளியங்கிரி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிக்கொண்டார். எழுபது வயதில் அந்தத் துண்டு தோளைவிட்டு இறங்குவது இதுதான் முதல் தடவை.

சினிமாவுக்குத்தானே.

பழைய இந்திப் படம் ஒன்றைத் தமிழில் எடுக்கிறார்கள். சொத்தெல்லாம் குடியிலும் கூத்திலும் கரைந்த பிறகும் மீசையை மட்டும் இறக்காத ஒரு ஜமீன்தாரின் கதை. அதற்கு நாமக்கல் பக்கத்தில் மிட்டா என்கிற குட்டி ஜமீனின் இந்தப் பங்களாவைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பங்களா இப்போது ஒரு கோழிப்பண்ணை முதலாளியின் கையில் இருக்கிறது. வெள்ளியங்கிரி இரண்டு தெரு தள்ளி ஓர் ஓட்டு வீட்டில் இருக்கிறார். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். இந்த யானை படுத்த பிறகும் தும்பிக்கையை இறக்கவில்லை.

காலையில் உதவி இயக்குநர் அபிநயா வந்து நடிக்கக் கூப்பிட்டதும், ஜமீன்தார் வேடம்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அந்த இந்திப் படத்தை இளவட்டத்தில் சேலத்துக்குப் போய்ப் பலமுறை பார்த்தவர். மீசைக்கு மை பூசி, சரிகை வேட்டி கட்டி, வாசல் வாசலாகப் போய் "வந்து பாருங்கடா" என்று ஊரையே அழைத்துவிட்டார்.

வந்த பிறகுதான் வேலைக்காரன் வேடம் என்று தெரிந்தது. வசனம் கிடையாது. ஜமீன்தாருக்கு எதிரே குனிந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். சுற்றிலும் ஊரே நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் போனால் அதைவிடக் கேவலம்.

யூனிட் சாப்பிடப் போயிருக்கிறது, வருவதற்குள் ஒத்திகை பார்த்துவிடலாம் என்றாள் அபிநயா. போர்ட்டிகோ நிழல் முடிகிற இடத்துக்கு வெளியே, வெயிலில் அவரை நிறுத்தினாள்.

அந்த இடத்தை அம்மா அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

அம்மாவுக்கு முதல் பிரசவ வலி கண்ட அன்று, பங்களா காரைக் கேட்டு அப்பா இங்கேதான் ஓடிவந்தார். அவசரத்தில் தோளில் கிடந்த துண்டை எடுக்க மறந்துவிட்டார். சின்ன மிட்டாதார் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டைத்தான் பார்த்தார். நில்லு என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், சாப்பிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

பங்களாவில் அப்படி ஒரு வழக்கம். நிற்கச் சொன்னவர்கள் வாயால் 'போ' என்று வந்தால்தான் பண்ணையத்து ஆள் நகரலாம்.

அப்பா பொழுது சாயும்வரை நின்றார். அவள் பிறப்பதற்கு முன்னாலேயே இந்த ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். அபிநயாவுக்கு ஓர் அண்ணன் இருந்திருப்பான். ஏன் நகரவில்லை என்று அப்பாவைக் கேட்க அவளுக்கு இதுவரை வாய் வந்ததில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இந்த ஊருக்குக் கொண்டுவந்திருந்தாள்.

இன்னும் குனியச் சொன்னாள். குனிந்தார். கைகளைக் கட்டச் சொன்னாள். கட்டினார். மறுபடி முதலிலிருந்து என்றாள். வேர்வையில் மீசை மை கரைந்து உதட்டில் இறங்கியது.

பார்க்கப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. கிழவர்தானே, போதும் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். முகத்தில் ஒரு பெருமை.

"பாத்தீங்களா அம்மிணி, எப்படி நிக்கறேன்னு? எங்க பண்ணையத்துல காளியப்பன்னு ஒருத்தன் இருந்தானுங்க. நிக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்ல. அவனைப் பாத்துத்தான் இது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். காளியப்பன் எதற்காக நின்றார் என்பது அவருக்கு ஞாபகமில்லை. நன்றாக நின்றார் என்பதுதான் ஞாபகம்.

அவள் அப்பாவின் பெயர் காளியப்பன்.

தொண்டைவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. அப்படியே நில்லுங்க. டைரக்டர் வந்து போங்கன்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அபிநயா கூட்டத்தை நோக்கி நடந்தாள். முன்னால் நின்ற மாரக்காள், அந்தக் காலத்தில் இதே பங்களாவில் சாணி அள்ளியவள், ஒதுங்கி வழிவிட்டாள். கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு வேன் நின்றது. அதில் ஏறிக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலமே பூசணிக்காய் உடைத்துப் படப்பிடிப்பை முடித்துவிட்டார்கள். டைரக்டர் அப்போதே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். பங்களா முற்றத்தில் பாய் விரித்து ஊருக்கே கிடா விருந்து போட்டார்கள். வெள்ளியங்கிரியையும் அபிநயாவே போய்க் கூப்பிட்டாள். யார் யாரெல்லாம் பந்தியில் உட்காருகிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒன்றாகத்தான் என்றதும் கதவைச் சாத்திக்கொண்டார். எதற்கு விருந்து என்று கேட்கவில்லை.

வேன் கிளம்பியது.

விருந்து சாப்பிட்ட ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. ஒருவரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மாரக்காள்தான் முதலில் போய் போர்ட்டிகோ நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராகப் போய், அவர் நிற்பது நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.