காலி ஆணி

கழிவறைச் சாவி மாட்டும் ஆணி இன்னும் காலியாகவே இருக்கிறது. திருநங்கைத் தட்டச்சர் வேலைக்குச் சேர்ந்த அன்றே சாவி கண்காணிப்பாளரின் இழுப்பறைக்குப் போய்விட்டது. மற்ற பெண்களிடம் ஆளுக்கொரு மாற்றுச்சாவி. இவள் மட்டும் எழுந்து நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்க வேண்டும். அதனாலேயே அலுவலகத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. பாகுபாடு கூடாதென்ற சுற்றறிக்கை ஆணிக்குப் பக்கத்தில் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. காலையில் கண்காணிப்பாளரே ஒட்டியது. சிறுநீரை அடக்கியபடி, மேசைக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. "சார், இனி சாவியை ஆணியிலயே மாட்டிடலாமே?" "ஆகட்டும், பாக்கலாம். தலைக்கு மேல வேலை கிடக்கு." அவள் பாட்டிலைத் திறக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே மடக்மடக்கென்று குடிக்கிறாள். விசைப்பலகைகள் ஓய்கின்றன. பாட்டில் பாதியாவதற்குள் அவருடைய இழுப்பறை கிறீச்சிட்டுத் திறக்கிறது.