எள்ளளவு சிலந்திக்கு ஒரு முள்வேலி

"கேஸ் போடுங்க பூபாலன். இன்னிக்கே போடுங்க!" என்று குதித்தார் உலகநாதன்.

வனக்காவலர் பூபாலன் தலையைச் சொறிந்தார். "கேஸுன்னா ஆடு அத்தனையும் வண்டில ஏத்திடுவோம் சார். அந்த ஆட்டுக்காரம்மாவுக்கு அதான் சோறு. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிச்சாச்சு!"

யோசிக்கிற ஆளா அவர்? அணுபுரம் காலனியில் வீடு, அரசாங்க அணு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி உத்தியோகம். ஞாயிறு வந்தால் கருங்குழி பக்கத்துக் காப்புக்காட்டில் சிலந்தி வேட்டை. வலை கட்டிக் காத்திருக்கிற ரகம் அவருக்கு ஆகாது. இலைக்கு இலை தாவுகிற குட்டிக் குதிக்கும் சிலந்திகள்தான் உயிர். எறும்பு மாதிரி ஒன்று, சருகுத்தூள் மாதிரி ஒன்று, நீலமாக மின்னுவது ஒன்று என்று இந்தக் காட்டிலேயே இருபத்தாறு வகை பார்த்துவிட்டார். எள்ளு சைஸ் பூச்சிக்கு எட்டுக் கண். அதைத் தேடுகிறவருக்கு இருந்த இரண்டும் சோடாபுட்டி.

இருபத்தேழாவது, ஒரே ஒரு குத்துச்செடியில் மட்டும் அகப்பட்டது. உலகத்துக்கே புதுசு என்று அவராகவே முடிவு கட்டி, அதற்குத் தன் பெயரையே வைக்கப்போவதாகக் காலனி முழுக்கச் சொல்லிவிட்டார்.

"அந்தப் பூச்சி சம்மதிச்சுதா?" என்று கேட்டாள் மனைவி சியாமளா.

இன்று வந்து பார்த்தால் சுற்றுவட்டாரச் செடியெல்லாம் மொட்டை. எல்லாம் ஆட்டுக்காரி சொர்ணத்தின் ஆடுகள் செய்த வேலை. அவருடைய செடியை நெருங்கவே முடியாமல் சுற்றிலும் வெட்டிப் போட்ட முள்.

"மேய்ச்சது போதாதுன்னு காட்டு முள்ளை வேற வெட்டியிருக்கா, பாருங்க!" கோபத்தில் குரல் கீச்சென்று வழுக்கியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

சற்றுத் தள்ளி ஆடுகளோடு நின்ற சொர்ணத்தைப் பூபாலன் கூப்பிட்டார். "இன்னாம்மா, இந்த முள்ளு நீ வெட்டினதா?"

"ஆமா அண்ணாத்த, நான்தான்."

"எதுக்கு?"

சொர்ணம் உலகநாதனைக் காட்டினாள். "இந்த சாரு வாரா வாரம் வந்து இந்தச் செடி முன்னால மண்டி போட்டுகினு கீறாரு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அப்பப்ப கண்ணத் தொடச்சிக்கிறாரு. வாய்க்குள்ள இன்னாவோ முணுமுணுக்கிறாரு. இன்னா வேண்டுதலோ, பாவம். ஆடு வாய் வெச்சிடப்போவுதுன்னு நான்தான் முள்ளு வெச்சேன்."

முணுமுணுத்தது, "அசையாதடி கண்ணு, அசையாதடி" என்று கேமரா வழியே சிலந்தியிடம் கெஞ்சியது. துடைத்தது வியர்வை. உலகநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காட்டில் மிஞ்சிய ஒரே செடி இவள் புண்ணியத்தில் நிற்கிறது. இவள் மேலா கேஸ்!

"வேண்டாம் பூபாலன், விட்டுடுங்க" என்று அவசரமாகத் திரும்பியதில் தோள்பை சரிந்தது. குட்டிக் குட்டிக் குப்பிகள் தரையில் உருண்டன. ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் செத்து மிதந்தது ஒரு சிலந்தி.

பூபாலன் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இங்க புடிச்சதா சார்? பர்மிஷன் லெட்டர் கீதா?"

"அது... ஆராய்ச்சிக்கு... அப்ளை பண்ணணும்னு..."

"காப்புக்காட்டுல எறும்பு எடுத்தாலும் கேஸ்தான் சார்." பூபாலன் நோட்டைப் பிரித்துவிட்டார். "சொல்லுங்க, எங்க வேலை செய்றீங்க?"

"கவர்மெண்ட் வேலை பூபாலன், போயிடும்..." என்று கெஞ்சினார் உலகநாதன். ஆபீசுக்குக் கடிதம் போனால் தொலைந்தார்.

சொர்ணம் ஆடுகளை விட்டுவிட்டுக் குறுக்கே வந்து நின்றாள்.

"முள்ளு வெட்டின கேஸு கீதில்ல, அத்தோட இதையும் என் மேலயே எழுதிக்கோ அண்ணாத்த. அவருக்கு கவுர்மெண்ட் வேல, போயிடும். எனக்கு இன்னா, வேலையா கீது போறதுக்கு?"