ரத்தம் கொடுக்காதவர்

"ஆறடி உடம்பு மேடம். ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தா தேஞ்சா போயிடுவாரு?"

மேனேஜர் சொன்ன ஆள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, லிஃப்டுக்கான பிரேக் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியின் ஆறு தரப் பரிசோதகர்களில் ஒருவர். மற்ற எல்லோரும் கீழே ரத்ததான முகாமில் வரிசையாக நின்றார்கள்.

"கல்லுளிமங்கன்னுதான் இங்கே இவருக்குப் பேரு," என்றார் மேனேஜர்.

பேராசிரியை குறித்துக்கொண்டார். மனிதர்கள் எப்போது ஒழுங்காக நடக்கிறார்கள், எப்போது சறுக்குகிறார்கள் என்று ஆராய்ந்து, நிர்வாகவியல் கல்லூரியில் பெரிய பெயர் வாங்கியவர். ஊழியர்களின் நல்ல குணத்தை அளந்து மார்க் போட்டுத் தரச் சொல்லி இந்தக் கம்பெனி அவரை அழைத்திருந்தது. பத்துக்கு நாலு வாங்காதவருக்கு வேலை கிடையாது.

பரிசோதகர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ரத்தம் கொடுக்க உடம்புக்கு ஏதாவது தடையா சார்?"

"இல்லை மேடம்."

"போன மாசம் மரம் நட எல்லாரும் போனாங்களாமே?"

"நான் போகலை."

"முதியோர் இல்லத்துக்கு?"

"அதுக்கும்தான்."

"மார்க் குறைஞ்சா வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும். பெரிய பொண்ணு படிப்பை முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"அப்புறம் ஏன் சார் இந்தப் பிடிவாதம்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "கீழே முந்நூறு பிரேக் டெஸ்டுக்குக் கிடக்கு. நான் போகலாமா?"

பேராசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மற்றவர்களை விசாரித்தார். சொல்லி வைத்த மாதிரி எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

"கை தட்டக்கூட அவருக்குக் கை வராது மேடம்," என்றார் ஸ்டோர் கீப்பர்.

பேராசிரியை அவருக்குப் பத்துக்கு ஒன்றரை போட்டார். அந்த ஒன்றரையும் நேரத்துக்கு வேலைக்கு வருவதற்காக. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ரிப்போர்ட் கைமாறியது. வேலைநீக்கக் கடிதம் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது. பேராசிரியை படித்தவர்தான், ஆனாலும் அதில் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன் கிளம்பும்போது மாடிப்படியில் பரிசோதகரைப் பார்த்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. திட்டப் போகிறார் என்று பேராசிரியை ஒதுங்கினார்.

"மேடம், ஒரு உதவி பண்ணுங்க. மூணு மணிக்கு அந்த முந்நூறு பிரேக்குக்கும் சான்றிதழ்ல கையெழுத்து வாங்குவாங்க. பாதி தேறாது. எங்க ஆறு பேர்ல ஒருத்தர் மாட்டேன்னாலும் சரக்கு வெளியே போகாது. இப்ப நான் இல்லை. மீதி அஞ்சு பேரும் போட்டுடுவாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"இவ்வளவு அக்கறை இருக்கறவர், ரத்தம் கொடுத்திருந்தா வேலையாவது மிஞ்சியிருக்குமே?"

அவர் பெட்டியைப் படியில் வைத்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்த முதல் முகாம்ல முதல் ஆளா நான்தான் கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. மனசு நிறைஞ்சு கிடந்தது. அன்னிக்கு மத்தியானமே சான்றிதழை நீட்டினாங்க. நாலு பிரேக் சரியில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா, நாமதான் நல்லவனாச்சே, ஒரு கையெழுத்துல என்ன வந்துடப் போகுதுன்னு தோணிச்சு. போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அதுல ஒண்ணு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டுக்குப் போச்சு. அந்த லிஃப்ட் நாலாவது மாடியிலேர்ந்து விழுந்தது. உள்ளே ஒரு நர்ஸம்மா. அவங்க இனிமே நடக்க மாட்டாங்க மேடம்."

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் நல்லவன்னு நினைச்சுட்டா பேனா தானா ஓடிடுது. அதனால இந்தக் காம்பவுண்டுக்குள்ள ஒரு நல்லதும் செய்யறதில்லை. ரத்தமெல்லாம் லீவு நாள்ல, வேற இடத்துல."

எண்ணூறு மாணவர்களை வைத்து ஐந்து வருஷம் பாடுபட்டு பேராசிரியை நிரூபித்துக் காட்டியதும் இதையேதான், விருது வாங்கியதும் இதற்கேதான்.

படிகளில் ஏறி மேனேஜர் அறைக்குத் திரும்பி ஓடினார்.

"சார், நான் போட்ட மார்க் தப்பு. ரிப்போர்ட்டைக் கொடுங்க, மாத்தி எழுதறேன்."

"அது மேலிடத்துக்குப் போயிடுச்சே மேடம்," என்றார் மேனேஜர்.

"அப்ப கையெழுத்தையாவது நாளைக்குத் தள்ளிப் போடுங்க. முகாமும் அதுவும் ஒரே நாள்ல வரக்கூடாது. உங்களுக்கே தெரியாம ஒரு ஆபத்து நடக்குது. காலையில நல்லது செஞ்சவங்க மத்தியானம்..."

"சறுக்குவாங்க," என்று முடித்தார் மேனேஜர். "உங்க கட்டுரையை எங்க முதலாளி மூணு தடவை படிச்சாரு. படிச்சுட்டுத்தானே மேடம் முகாமே ஆரம்பிச்சோம்?"

பேராசிரியை திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் தாளைப் படிக்கவில்லை.

மேனேஜர் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குரலில் உண்மையான நன்றி இருந்தது.

"அஞ்சு பேர்கிட்ட பிரமாதமா வேலை செஞ்சுது மேடம். அந்த ஒருத்தர்கிட்டதான் முதல் தடவைக்கப்புறம் பலிக்கலை. வேலையிலயும் ஒரு குறை சொல்ல முடியலை, எப்படி அனுப்பறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தோம். அதுக்கும் நீங்களே ஒரு வழி பண்ணிக் கொடுத்துட்டீங்க."