திவ்யாவின் தட்டு

"விருமாண்டி வர்றதுக்குள்ள முடிச்சிடும்மா" என்றார் ராமமூர்த்தி சார், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே.

ஸ்ரீவர்ஷினிக்குச் சுருக்கென்றது.

"சார், இன்னைக்கு அவர் வர்ற நாள். பதினோரு மணிக்கு வந்துடுவார். ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் கரைச்சுடறேன்."

"வேண்டாம். சாயங்காலம் சாம்பிள் பெங்களூர் போகணும். அங்க நமக்கு நாளைக்கு ஒரு நாள்தான் மெஷின் கிடைக்கும். போ."

என்ன மனுஷன் இவர் என்று நினைத்துக்கொண்டே ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போனாள்.

விருமாண்டிக்கு மேலூரில் கல்குவாரி வேலை. மகள் திவ்யா, இதயம் வீங்கும் வியாதியில் பதினைந்து வயதில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆராய்ச்சிக்காக அவள் கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்தத் தோல் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து இதயச் செல்களை வளர்த்திருந்தாள் வர்ஷினி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அவை துடிப்பது தெரியும்.

துடிக்கிறது என்று ஒரு நாள் அவரிடம் வாய் விட்டவளும் அவளே. அன்றிலிருந்து மாதம் தவறாமல் வருகிறார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் குனிந்தபடியே வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்.

"திவ்யா, ஆத்தா இப்பத்தான் கொஞ்சம் சோறு திங்கிறா. கண்ணு ஆப்பரேசன் பண்ணியிருக்கு..."

எந்தப் புரதம் கெட்டதால் அந்த இதயம் வீங்கியது என்று தெரிய வேண்டுமானால், செல்களைக் கரைத்துப் புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். கரைத்தால் துடிப்பு நின்றுவிடும். உறைய வைத்திருந்த மிச்ச செல்கள், போன கோடையில் டேங்க் பழுதாகி வீணாகிவிட்டன. இருப்பது இந்த ஒரு தட்டுதான்.

கடைசியாக ஒரு முறை பார்த்தாள். துடித்துக்கொண்டிருந்தது.

கரைசலை ஊற்றினாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கை தவறினால் சாம்பிள் கெட்டுவிடும் என்று மூடவில்லை.

பதினோரு மணிக்கு விருமாண்டி வந்தார்.

"வாங்கண்ணே."

"வாரேன் தாயி. சாப்பிட்டியா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை. இன்குபேட்டரைத் திறந்து வேறொரு தட்டை எடுத்து வைத்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாத யாரோ ஒருவர் கொடுத்த தோலிலிருந்து வளர்த்தது அது. அதுவும் துடிக்கும்.

"பாருங்கண்ணே" என்றாள். திவ்யா என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எம்புட்டு அழகா அடிக்குது" என்றார் மெதுவாக. "இப்படியே ரொம்ப வருசம் அடிக்கணும்."

வீட்டுக் கதை எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"வேளா வேளைக்குச் சாப்பிடு தாயி. இளைச்சுப் போயிருக்க. நான் போறேன்."

"அடுத்த மாசம்..." என்று இழுத்தாள்.

"குவாரியில வேல சாஸ்தி. இனிமே வாரது செரமந்தான்."

சாயங்காலம் சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, நேரே சாரின் அறைக்குப் போனாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் சார். வேற தட்டைக் காட்டி அவரை ஏமாத்திட்டேன். நீங்க ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா, இந்தப் பொய்யே தேவைப்பட்டிருக்காது."

ராமமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"காலையில அவருக்குப் போன் பண்ணினேன் வர்ஷினி. இன்னைக்குக் கரைக்கணும், நீங்க வந்து பாக்கற வரைக்கும் நிறுத்தி வைக்கறேன்னுதான் சொன்னேன். 'வேணாம் சார், பாத்தா விட மனசு வராது, நான் வாரதுக்குள்ள முடிச்சிருங்க, இன்னொரு பிள்ளையாவது பொழைக்கட்டும்'னு அவர்தான் சொன்னார். முன்னாடியே சொன்னா உனக்குக் கை ஓடாதுன்னுதான் உன்கிட்ட சொல்லலை."

வர்ஷினி எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்போ... தெரிஞ்சேதான் வந்தாரா? எதுக்கு சார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எம்புள்ளைய ரெண்டு வருசமா வச்சுப் பாத்துக்கிட்ட பொண்ணு சார் அது. இன்னைக்கு அதைத் தனியா விடக் கூடாதுல்ல'ன்னார்."