எழுமலைக்குப் போகும் சிம்னிகள்

"வீட்டுல இதுவும் வேண்டாங்கிறாங்கண்ணே" என்று அப்துல் லத்தீப் மூன்றாவது ஷாக் அப்சார்பரையும் கொண்டுவந்து திருப்பி வைத்தபோது, சின்னச்சாமிக்குச் சுருக்கென்றது.

திருப்பரங்குன்றம் ரோட்டில் பழைய மோட்டார் சாமான் கடை வைத்துப் பதினெட்டு வருஷம். பட்டாளத்து டிரைவர்களே அவர் எடுத்துக் கொடுத்ததை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்றைக்கு என்னடாவென்றால், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து அவர் சரக்கைத் தள்ளுகிறார்கள்.

லத்தீப் விளக்குச் சிம்னி வியாபாரி. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை, மனைவி அஜ்மல் பீவியின் தங்க வளையலை விற்று எடுத்திருந்தார். உசிலம்பட்டி தாண்டி எழுமலை வரைக்கும் பாதை என்று பேர்தான். எல்லாம் ஓடையும் கரடும். போன நடை ஏற்றிய கண்ணாடிச் சிம்னியில் பாதிக்கு மேல் தூள்.

குழியில் விழுகிற வண்டி துள்ளாமல் அடக்கிப் பிடிப்பது ஷாக். ஜீப்பில் இருந்த நான்கும் செத்துப்போயிருந்தன. புதுசு வேண்டுமென்றால் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அந்த விலைக்கு லத்தீப் எங்கே போவார்?

பெட்டிகளை ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். நாளைக்குச் சந்தை. இந்த நடையும் உடைந்தால் வியாபாரமும் கிடையாது, வண்டியும் கிடையாது.

ஜீப் கடையை ஒட்டி நின்றது. கடையைப் பார்த்த இடதுபக்கம் முழுக்க வெள்ளைத் துணி தொங்கியது. கோஷாப் பெண் இருக்கிற வண்டியை உற்றுப் பார்க்கக் கூடாது என்று சின்னச்சாமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி வந்து நின்றதிலிருந்து அவர் பார்வை சக்கரத்துக்கு மேல் ஏறவில்லை.

லத்தீப் அந்தப் பக்கமாக இறங்கி, மடங்காத இடதுகாலை இழுத்துக்கொண்டு சுற்றி வந்திருந்தார். பர்மாவுக்கு லாரி ஓட்டப் போய் முழங்காலைக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். அந்தக் காலோடு ஒவ்வொரு ஷாக்கையும் சுமந்து போய்த் திரைக்குள் நீட்டினார். உள்ளே கம்பியை இழுத்து அமுக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை அதை வெளியே தள்ளியது.

மூன்றும் சின்னச்சாமி தன் கையால் பெயிண்ட் அடித்து வைத்திருந்த செட். விலையும் அதற்குத் தகுந்தாற்போல் சொல்லியிருந்தார்.

"பாய், இது என்ன மாவு இடிக்கிற உலக்கையா, வீட்டுல கேட்டு வாங்க?"

லத்தீப் கோபப்படவில்லை. பாதி தூரம் இறுக்கமாக வந்து அப்புறம் தொளதொளத்துவிடுகிறதாம், நீங்களே இழுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

இழுத்துப் பார்த்தார். பாதியில் விட்டுவிட்டது. அடுத்ததும் அப்படியே. பெயிண்ட் அடித்த மும்முரத்தில் இழுத்துப் பார்க்க மறந்திருக்கிறார். பதினெட்டு வருஷப் பெருமை கடைவாசலில் கிடந்து சிரித்தது.

பெயிண்ட் அடித்ததை ஓரமாகத் தள்ளினார். சாக்கில் கட்டிப் போட்டிருந்த துருப்பிடித்த ஷாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பதினொன்றில் நான்கு திரைக்குள்ளேயே நின்றுவிட்டன. பெயிண்ட் அடித்த செட்டின் விலையில் பாதிகூட வராத சாமான். அந்த நான்கை வாங்கி இழுத்துப் பார்த்தபோது நான்கும் ஒரே இறுக்கம், ஒரே நிதானம். இம்புட்டு நாளாகத் தன் கடையிலேயே கிடந்ததா என்று இருந்தது அவருக்கு.

வேலையாளிடம் விடாமல் தானே வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினார். பின்பக்கம் வலது பக்கத்தை நன்றாக முடுக்கச் சொல்கிறார்கள், அங்கேதான் அதிகமாகத் தூக்கிப் போடுகிறதாம் என்று லத்தீப் குனிந்து சொன்னார். உட்கார்ந்து வருகிறவர்களுக்குத்தானே குலுக்கல் தெரியும் என்று சின்னச்சாமியும் இன்னொரு சுற்று முடுக்கினார்.

காசு கைமாறியது. லத்தீப் சுற்றிப் போய் அந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்து, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதே இன்ஜின் கிளம்பிவிட்டது.

வண்டிக்குப் பின்னால் நின்று கைக்கரியைத் துடைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னச்சாமி அப்படியே நின்றார். இரண்டு கையும் காலில் இருக்கும்போது வண்டியைக் கிளப்பியது யார்? அந்தக் கால் கிளட்சை மிதிப்பதுதான் எப்படி?

ஜீப் ரோட்டை அடைத்துத் திரும்பி, முன்கண்ணாடி கடையைப் பார்த்தது. மரியாதையை மறந்து அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

அமெரிக்க ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம் என்பது அவருக்குத் தெரியாத சங்கதியா? திரைச்சீலையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கைகளில் பச்சைக் கண்ணாடி வளையல். தலையைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி. கண் ரோட்டை விட்டு விலகவில்லை. பக்கத்தில் லத்தீப், கல்யாண ஊர்வலத்தில் போகிற மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்து, கடைக்காரர் பார்க்கிறாரா என்று பார்த்தார்.

வரும்போது பெட்டிகள் கலகலவென்று அலறிய அதே பள்ளத்தில் ஜீப் இறங்கி ஏறியது. ஒரு சிம்னிகூடச் சத்தம் போடவில்லை.

பக்கத்துக் கடை ஜெயக்கொடி எட்டிப் பார்த்து, அது யார் வண்டி என்று கேட்டார்.

"ஓட்டிட்டுப் போறது நம்ம தங்கச்சி. ஷாக்கு நம்ம கடை" என்றார் சின்னச்சாமி.