சிவஞானம் ஐயாவின் அகல டயர்

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், ஸ்பிரிங்வெளித் தோட்டத்தின் ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் திருவாளர் சிவஞானம் அவர்கள், தமது மலைச் சைக்கிளின் ஒல்லிச் சக்கரங்கள் இரண்டையும் களைந்து, அகலச் சக்கரங்களுக்கு மாறிவிட்டார்.

தோட்டம் அன்றும் வழக்கம்போலக் கொழுந்து பறித்தது.

அது நடந்து ஐந்து வாரமாகிறது. இன்று காலை, பெரட்டுக் களத்துக்குத் திரும்பும் முடக்கில், சிவஞானம் அந்தச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின் டயர் தரையோடு தரையாகக் குந்தியிருந்தது. பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் வருகிற நேரம். வருகிறவர்கள் கண்ணில் படும்படி பின் சக்கரத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சைக்கிள், டொரொன்டோவில் இருக்கும் மகள் விதுஷாவின் யோசனை. அம்மா போன பிறகு அப்பா வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார் என்று வாங்கிக் கொடுத்தாள். வந்த டயர் இரண்டு அங்குலம். தோட்டத்து ரோட்டின் உருட்டுக் கல்லில் அது வழுக்கி, ஐயா ஒருநாள் தேயிலைக்குள் உட்கார்ந்து எழும்பினார். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதுளையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஸியாம்தான் வைத்தியம் பார்த்தார். ரிம் கொஞ்சம் சின்னது, டயர் கொஞ்சம் பெரியது, கூட்டிப் பார்த்தால் உயரம் அதே. ஏறக்குறைய மூன்று அங்குல அகலம். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். காற்றை மட்டும் முன்பு அடித்ததில் பாதிதான் அடிக்க வேண்டும், டயர் அமுங்கினால்தான் கல்லைப் பிடிக்கும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருஷம் சிவஞானம் தோட்ட ஆபீஸை ஆண்டவர். ரோட்டில் அவர் தலை தெரிந்தால் ஆட்கள் குடையைத் தாழ்த்தி, கரையோரம் ஒதுங்கி, அவர் தாண்டும்வரை பேச்சை நிறுத்திவிடுவார்கள். முந்திக்கொண்டு அவரிடம் பேசுகிற வழக்கமில்லை. பேசுவதென்றால் ஆபீஸ் ஜன்னலில் பேச வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று ஜன்னல் வேறொருவருக்குப் போனது. மரியாதை மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஆகவே, அகலச் சக்கரத்தில் ஏறிய முதல் நாள், “ஐயா, காத்து எறங்கிப்போச்சுங்க” என்று ஓர் ஆள் கூப்பிட்டுச் சொன்னபோது, தன்னைத்தானா என்று ஐயா திரும்பிப் பார்த்தார்.

அன்று மட்டும் பதினொரு பேர். காற்றில்லாத டயரைக் கண்டும் சொல்லாமல் விடுவது பாவம் என்று தோட்டத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். பதினொரு பேருக்கும் அவர் இறங்கி நின்று, அமுக்கம், பரப்பு, பிடிமானம் என்று ஆபீஸ் தமிழில் விளக்கினார். நம்பாதவர்களை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பால்கார முன்ஸிப் பாதியில் பால் கெட்டுப்போகும் என்று கெஞ்சி விடைபெற்றார்.

டயர் எப்படி என்று அன்று விதுஷா போனில் கேட்டாள். ஊரே பேசுகிறது என்றார்.

விளக்கம் நல்ல விளக்கம். அதுதான் வினையாகப் போயிற்று. இரண்டாம் வாரம் நான்கு பேர் கேட்டார்கள். மூன்றாம் வாரம் ஒருவர், அவரும் மொனராகலையிலிருந்து உறவு பார்க்க வந்தவர். அதன் பிறகு தோட்டம் முழுக்கப் பாடம் படித்து முடித்துவிட்டது. குடைகள் மறுபடி தாழ்ந்தன.

முடக்கில் இப்போது கருப்பம்மா வந்தாள். அவள் பின்னால், அப்புத்தளையிலிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த மருமகள் ஜீவராணி.

ஜீவராணியின் கண் நேராகப் பின் சக்கரத்துக்குப் போனது. சிவஞானம் நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அமுக்கத்தில் தொடங்கலாமா, பரப்பில் தொடங்கலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

“அத்தை, அந்த ஐயா சைக்கிள்ல காத்தே இல்லையே.”

அத்தையிடம்தான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

“பேசாம வாடி” என்றாள் கருப்பம்மா, தணிந்த குரலில். “அது அகல டயரு. காத்து கம்மியாத்தான் இருக்கணுமாம், அப்பத்தான் கல்லப் புடிக்குமாம். நீ பாட்டுக்குக் கேட்டு வச்சிராத, பெரட்டுக்கு நேரமாயிரும்.”

தாம் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை என்பதை ஐயா கவனித்தார்.

இருவரும் குடையைத் தாழ்த்திக் கரையோரம் ஒதுங்கி, மரியாதையாகக் கடந்து போனார்கள். பேச்சு நின்றது. முடக்கைத் தாண்டிய பிறகு மறுபடி தொடங்கியது. ஜீவராணி எதற்கோ சிரித்தாள்.

அதற்குப் பின் நாலைந்து குடைகள் வந்தன, தாழ்ந்தன, போயின. பிறகு பனி மூட்டம் மட்டும் வந்தது. அது யாருக்கும் ஒதுங்கவில்லை.

களத்தில் பேர் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. கடைசிப் பேர் வரைக்கும் நின்று கேட்டார்.

பிறகு பையிலிருந்து காற்றடிக்கும் கைப்பம்பை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்தருகே குந்தினார். வால்வின் மூடி, விடியற்காலையில் அவரே கழற்றிப் போட்டபடி, சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

டயரில் ஓட்டை எதுவும் இல்லை.